மூன்று வெடிக்கு என்ன அர்த்தம்

அன்று காலை நெய்க்காடண்ட வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். குடும்பத் தலைவர் சுபேதார் மாச்சய்யா, வயது எழுபத்து நான்கு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை சீதவ்வா, வயது ஐம்பத்தாறு, கணவரை இழந்து ஒன்பது வருஷம். காலஞ்சென்ற தம்பியின் மகன் உத்தய்யா, வயது முப்பத்து மூன்று. உத்தய்யாவின் மகள் போஜி, வயது நான்கு. உத்தய்யாவின் மனைவி காவேரி மூத்த பையனை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். போன மறுநாளே ஆற்றுப் பாலம் தண்ணீருக்குள் மூழ்கியதால் இருவரும் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே, அன்று அந்த வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருந்தவர் எவரும் இல்லை. சாகக் கிடந்தவரும் எவரும் இல்லை. பிற்பாடு குடகில் பலர் பலவிதமாகப் பேசியதால் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

நோயாளி ஒருத்திதான். போஜி.

இரண்டு கன்னமும் வீங்கி, காதுக்குக் கீழே ஆரஞ்சுப் பழத்தை ஒளித்து வைத்ததுபோல் ஆகியிருந்தது. தமிழர்கள் பொன்னுக்கு வீங்கி என்று கௌரவமாகச் சொல்லும் அந்த வீக்கத்துக்கு இந்த மலைப்பக்கம் குரங்கு வீக்கம் என்று பெயர். இந்தப் பெயரை அவள் அண்ணன் போவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வலியைவிட அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

"கொஞ்சமே கொஞ்சம், தங்கம். ஒரே ஒரு ஸ்பூன்."

"ம்ஹூம்."

"சர்க்கரை போட்டிருக்கேன்."

"ம்ஹூம்."

"உப்பு போட்டிருக்கேன்."

தன் அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

நெய்க்காடண்ட குடும்பம் பதினோரு பேரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய குடும்பம். உத்தய்யா பன்னிரண்டாவதாகப் போயிருக்க வேண்டியவன். பாதம் தட்டையாக இருக்கிறது என்று ராணுவ டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது நன்றாகக் காதில் விழும். ஆனால் காய்ச்சலில் அனத்தும் குழந்தையை இரண்டு நாள் தோளைவிட்டு இறக்காமல் சுமந்தவன் அவன்தான். துணியைச் சூடு பண்ணிக் கன்னத்தில் வைப்பான். வைப்பதற்கு முன்னால் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். அவள் 'சூடு' என்றால் ஊதுவான், 'ஆறிடுச்சு' என்றால் அடுப்படிக்கு ஓடுவான். அந்த ஓட்டத்தை எந்தப் பட்டாளமும் பார்க்கவில்லை. அது பட்டாளத்தின் நஷ்டம்.

காலையில் வந்து பார்த்த நர்ஸ் ரோசலின் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இருட்டுறதுக்குள்ள நாலு டம்ளர் கஞ்சித் தெளிவு உள்ள போகணும் உத்தய்யா. உள்ள போனது ஒண்ணுக்கா வெளியவும் வரணும். ரெண்டும் நடக்கலன்னா ஆத்தத் தாண்டித் தூக்கிட்டுப் போய் ஊசி வழியா தண்ணி ஏத்தணும்."

"பாலம் முழுகிக் கிடக்கே, நர்ஸம்மா. எப்படித் தாண்டுறது?"

"அதுக்குத்தான் நாலு டம்ளர்ங்கறேன்."

சுபேதார் பக்கத்தில் நின்று, முதுகு வளையாமல், இதைக் கேட்டுக்கொண்டார். "நாலு டம்ளர்" என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார், உத்தரவு வாங்கிக்கொள்வது போல. பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் உரக் கூட்டம் இருந்ததால் தொப்பியை மாட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

பத்து மணிக்கு மழை விட்டது. மூன்று நாளுக்குப் பிறகு முற்றத்தில் வெயில் விழுந்தது. உத்தய்யா போஜியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றான். டம்ளர் நிரம்பியபடியே கையில் இருந்தது.

போஜி அவன் காதருகே வந்து, பல்லைத் திறக்காமலே கேட்டாள்.

"அப்பா, அண்ணன் பொறந்தப்போ துப்பாக்கி சுட்டாங்களாமே?"

"யார் சொன்னா?"

"அண்ணன்தான். டமால்னு சுட்டாங்களாம். ஊருக்கே கேட்டுச்சாம்."

"ஆமா, சுட்டாங்க."

"நான் பொறந்தப்போ?"

குடகில் ஆண் பிறந்தால் ஒரு வெடி. சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி. பெண் பிறந்தால் வெடி கிடையாது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். போஜி பிறந்த அன்று உத்தய்யா காபிக்கொட்டை லாரியோடு மைசூரில் இருந்தான். மூன்றாம் நாள் வந்து குழந்தையைக் கையில் வாங்கினான். வெடியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

"அன்னிக்கு... மழை, தங்கம். தோட்டா எல்லாம் நனைஞ்சு போச்சு."

போஜி வானத்தைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்போ வெயில் அடிக்குது."

உத்தய்யா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான்.

"சுட்டா குடிக்கிறேன்" என்றாள் போஜி. "ஒரு டம்ளர் முழுசா."

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சீதவ்வா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பைத்தியமாடா உனக்கு? அந்தத் துப்பாக்கியத் தொட்டேன்னு தெரிஞ்சா எங்கண்ணன் உன்ன உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவார்."

"நான் தொடலயே, அத்தை."

"தொடாதே. மரியாதை உள்ள துப்பாக்கி அது. இந்த வீட்டுல எந்தப் பொண்ணுக்கும் அது வெடிச்சதில்ல. எங்கம்மாவுக்கு இல்ல. எனக்கும் இல்ல." பிறகு உள்ளே போய்த் தகர டப்பாவோடு வந்தாள். "ஆறு தோட்டா இருக்கு. வானத்தப் பாத்துச் சுடு. பலாமரத்துல ஒரு காய்க்கு அடிபட்டாலும் கொன்னுடுவேன்."

உத்தய்யா ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்து வந்தான். போஜி சீதவ்வாவின் இடுப்பில் உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களோடு, அணிவகுப்பைப் பார்வையிடும் ஜெனரலைப் போல் நிமிர்ந்தாள்.

வெடித்தது. பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

போஜி முகம் மலர்ந்தது. வலித்தது. மலர்ச்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். சொன்ன சொல் தவறாமல் முதல் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சொன்ன சொல் தவறாத குடும்பம் அது.

உத்தய்யா காலி டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து சீதவ்வாவிடம் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கியது புகையால் என்று அவன் சொன்னதை யாரும் மறுக்க வேண்டாம்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. பக்கத்துத் தோட்டத்து பிட்டப்பா கையில் பிராந்தி பாட்டிலோடு வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார்.

"டேய் உத்தா! ஆம்பளப் பிள்ளையாடா! சொல்லவே இல்லையேடா!"

"பிட்டப்பா மாமா, அது வந்து..."

"எங்கடா காவேரி? அவ அக்கரையிலல்ல இருக்கா?" பிட்டப்பா நின்றார். கணக்குப் போட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து சீதவ்வா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு, களைத்த முகத்தோடு, உள்ளேயிருந்து வெளியே வந்தாள்.

பிட்டப்பா பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சீதக்கா... நீ... எந்திரிச்சு நடக்கலாமா?"

சீதவ்வாவுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்த பிறகு அவள் பேசியதை முழுவதும் எழுத இடமில்லை. அதில் பிட்டப்பாவின் தாய், தகப்பன், அவர் பெட்டை நாய், எல்லோரும் வந்து போனார்கள்.

"இல்லக்கா, இல்லக்கா! ஒரு வெடி கேட்டுச்சு. வீட்டுல வேற பொம்பள இல்ல. நான் என்னன்னு நினைக்கிறது?"

"கை தவறி வெடிச்சிடுச்சு, மாமா" என்று உத்தய்யா குறுக்கே விழுந்தான்.

சீதவ்வா அவன் பக்கம் திரும்பினாள். "வாய மூடு! நெய்க்காடண்ட வீட்டுல துப்பாக்கி கை தவறி வெடிச்சுதுன்னு ஊர் பேசணுமா? அதுக்கு எனக்குப் பிள்ளை பொறந்ததுன்னே பேசட்டும்!"

பிட்டப்பா யோசித்தார். யோசிக்க வசதியாக ஒரு வாய் குடித்தும் கொண்டார்.

"சுலபமான வழி இருக்கு. இன்னொண்ணு சுட்டுடு."

"ரெண்டு சுட்டா சாவாச்சே!"

"அது அடுத்தடுத்து சுட்டாத்தானே சாவு. இதுக்கு நடுவுல கால்மணி நேரம் ஆயிடுச்சு. எந்த மடையன் ரெண்டையும் சேத்து எண்ணுவான்? பிறப்புக்கு ஒண்ணுதான். ரெண்டாவது கேட்டா, 'ஓ, பிறப்பு இல்லபோல, குருவி சுடுறாங்க'ன்னு எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாப்பாங்க."

உத்தய்யா தயங்கினான். அப்போது போஜி அவன் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, அண்ணனுக்கு எத்தன வெடி?"

"ஒண்ணு."

"எனக்கு இன்னொண்ணு. அப்போ இன்னொரு டம்ளர்."

பிட்டப்பாவின் யோசனையை உத்தய்யா ஏற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவன் ஏற்றது இரண்டாவது டம்ளரை.

இரண்டாவது வெடி வெடித்தது. இரண்டாவது டம்ளர் காலியானது. பள்ளத்தாக்கில் நெய்க்காடண்ட வீட்டை அறிந்த ஒவ்வொரு மடையனும் இரண்டையும் சேர்த்து எண்ணினான்.

முதலில் நர்ஸ் ரோசலின் ஓடி வந்தாள். காற்று அந்தப் பக்கம் அடித்ததால் அவளுக்கு ஒரு வெடிதான் கேட்டிருந்தது. பிரசவப் பை கையில், குடை தலைகீழாக, மூச்சு வாங்கினாள்.

"யாருக்குப் பிரசவம்? இந்தப் பள்ளத்தாக்குல எனக்குத் தெரியாம யார் வயித்துல யார் இருந்தது? இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி ஒரு அவமானம் நடந்ததில்ல!"

அவளை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபக்கமிருந்து துக்கத்துக்கு வெள்ளை உடுத்திய கூட்டம் வரப்பு வழியே வரத் தொடங்கியது. முன்னால் செங்கப்பா. சுபேதாரோடு பதினைந்து வருஷமாக வேலித் தகராறில் இருப்பவர், பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பதுதான் அந்த ஊர் மரியாதை. அவருக்குப் பின்னால் இருபது பேர். அவர்களுக்கும் பின்னால் கொட்டுக்காரர்கள் நான்கு பேர், வாசலில் நின்று, தோலைத் தடவிக்கொண்டு, பணிவாகக் கேட்டார்கள்:

"எந்த மெட்டு அடிக்கணும் எஜமான்? சிலர் பிறப்புங்கறாங்க. சிலர் சாவுங்கறாங்க."

"ஒண்ணும் வேணாம், போங்கப்பா!" என்று உத்தய்யா கையெடுத்துக் கும்பிட்டான்.

துக்கத்தில் பேச்சு குழறுகிறது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். வீட்டில் வயதானவர் யார்? சுபேதார். சுபேதார் கண்ணில் படுகிறாரா? இல்லை. பெண்கள் சீதவ்வாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். அவள் திமிறத் திமிற இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

செங்கப்பா கூட்டத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

இதே நேரத்தில் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சுபேதார் வந்துகொண்டிருந்தார். முதல் வெடி கேட்டபோது உர மூட்டைக் கணக்கை நிறுத்தி, தலையைத் தூக்கினார். அந்தக் குழலின் சத்தம் அவருக்குத் தெரியும். இரண்டாவது கேட்டதும் எழுந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஓடினார் என்று சங்கத்தில் சொல்லுகிறார்கள். சுபேதார் மாச்சய்யா ஓடமாட்டார். மிக வேகமாக நடந்தார்.

ரோட்டு வழி சுற்று என்று வயலில் இறங்கினார். சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. சிறிது தூரத்தில் மற்றதையும் வாங்கிக்கொண்டது. தொப்பி எங்கே விழுந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் இரண்டு வெடி வெடித்திருக்கிறது. நோயாக இருந்தது யார் என்பது அவருக்குத் தெரியும்.

கொல்லைப்புறமாக வந்து கதவைத் தள்ளினார். உள்ளே உத்தய்யாவின் மடியில் போஜி, உதட்டில் கஞ்சித் தெளிவு மீசையோடு, காலி டம்ளரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுபேதார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

போஜி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரிய தாத்தா, செருப்பு எங்க?"

உத்தய்யா எழுந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்: அண்ணன் வெடி, மழைப் பொய், தகர டப்பா, பிட்டப்பா. "தப்பு என்னோடது பெரியப்பா. அத்தை மேல ஒண்ணும் இல்ல."

சுபேதார் போஜியின் தலையிலிருந்த டம்ளரை எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை டம்ளர்?"

"ரெண்டு."

"பாக்கி?"

"ரெண்டு."

அப்போது முன்புறத்திலிருந்து செங்கப்பாவின் குரல் தழுதழுத்து வந்தது. "...நல்ல மனுஷன். நேர்மையான மனுஷன். இன்னிக்கு அவர் இல்ல, மனசாட்சிய ஒளிக்கக் கூடாது. அந்த வேலி விஷயத்துல அவர் சொன்னதுதான் சரி. கல்லு நட்ட இடம் அவரோடதுதான்."

சுபேதார் வெறுங்காலோடு, முழங்கால் வரை சேறோடு, முன்வாசலுக்கு வந்து நின்றார்.

"அதை எழுதிக் கொடு, செங்கப்பா."

ஒரு பெண் மயங்கி விழுந்தாள். கொட்டுக்காரர்களில் ஒருவர் கொட்டைப் போட்டுவிட்டுப் பலாமரத்துக்குப் பின்னால் போனார். செங்கப்பா வாயைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

பிறகு கூட்டம் கோபப்பட்டது. கோபப்படும் உரிமை அதற்கு இருந்தது.

"செத்தது யாரு அப்போ?" "பிறந்தது யாரு?" "ஒண்ணும் இல்லாமலா வேலைய விட்டுட்டு ஓடி வந்தோம்?" செங்கப்பாவுக்குக் குரல் திரும்பி வந்தது. "நெய்க்காடண்ட வீட்டுத் துப்பாக்கி இப்போ பொய்யும் சொல்ல ஆரம்பிச்சிடுச்சா?"

அந்தக் குடும்பத்தின் வாசலில் நின்று அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

போஜியைச் சீதவ்வாவிடம் விட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உத்தய்யா முன்னால் வந்தான். "அவர் சுடல. நான் சுட்டேன். எம்பொண்ணு தண்ணி குடிக்கணும்னு சுட்டேன். இருட்டுறதுக்குள்ள குடிக்கலன்னா அவளத் தூக்கிட்டு நான் அந்த ஆத்துல இறங்கணும். நீங்க எல்லாரும் வந்தது வீணில்ல. ரெண்டு டம்ளர் உள்ள போயிருக்கு. இன்னும் ரெண்டு போகணும். ஏசுறதா இருந்தா அப்புறம் வந்து ஏசுங்க."

தட்டைப் பாதங்கள் தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தன. அவன் அப்படிப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சுபேதார் அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். போஜி இருந்த பக்கம் திரும்பி, குதிகாலைச் சேர்த்து நின்றார்.

"உத்தரவு?"

போஜி ஒரு விரலைக் காட்டினாள்.

சுபேதார் கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு வெடிக்கு என்ன அர்த்தம்?"

"பிறப்பு" என்றார்கள்.

"ரெண்டுக்கு?"

"சாவு."

"மூணுக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. கொட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை.

"மூணுக்கு அர்த்தம் கிடையாது. அர்த்தம் இல்லாதது பொய்யாகவும் முடியாது" என்று சொல்லி, துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி, மூன்றாவது வெடியை வைத்தார். அந்தக் கணத்தோடு பிறப்பும் சாவும் ரத்தாயின. கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. குடும்பத்தின் வார்த்தையும் நின்றது, குழந்தையின் வார்த்தையும் நின்றது. மூன்றாவது டம்ளர் காலி.

சீதவ்வா நான்காவது தோட்டாவை எடுத்தாள். போஜி காதைப் பொத்திக்கொண்டாள்.

"போதும். காது வலிக்குது."

உதடு மறுபடி பெட்டிபோல் பூட்டிக்கொண்டது.

அதைத் திறக்கவைக்க இருபத்தைந்து பேர் மத்தியானம் முழுக்க வேலை பார்த்தார்கள். பிட்டப்பா ஆடினார். கொட்டுக்காரர்கள் பிறப்பு மெட்டை அடித்தார்கள், பிறகு சாவு மெட்டை, பிறகு பாதி பாதி. செங்கப்பா, வெள்ளை உடுப்போடு, முழங்காலில் நின்று ஆடு மாதிரிக் கத்தினார்; நன்றாகத்தான் கத்தினார். போஜி எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. நர்ஸ் ரோசலின் மேற்கே வெயிலைப் பார்த்தாள். ஆறு எங்கோ கீழே இரைந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றான் உத்தய்யா.

போஜியைத் தோளில் சாய்த்துக்கொண்டான். ஒரு கையில் ஸ்பூன். சீதவ்வா டம்ளரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். முற்றத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். கதை சொல்லவில்லை, கெஞ்சவில்லை. நடையின் தாளத்தில் போஜியின் கண் செருகும்; உதடு தானாகத் தளரும்; பலாமரத்து நிழலைத் தாண்டும்போது ஒரு ஸ்பூன் உள்ளே போகும். அவள் முகம் சுளித்தால் நிற்பான், தன் கன்னத்தை அவள் கன்னத்தில் வைப்பான், மறுபடி நடப்பான். ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பூன். சில சுற்றில் அதுவும் இல்லை.

கூட்டம் நின்றபடி பார்த்தது. கொட்டின் தோல்மீது யாருடைய கையும் அசையவில்லை. சுபேதார் மட்டும், உதட்டுக்குள், அணிவகுப்பை எண்ணுவது போல் எண்ணிக்கொண்டிருந்தார். "இருபத்தி ஆறு... இருபத்தி ஏழு..."

நாற்பத்தி ஒன்றாவது ஸ்பூனில் டம்ளர் காலியானது. சுபேதார் உத்தய்யாவின் காலைப் பார்த்தார்.

"இந்தப் பாதத்தையா வேணாம்னாங்க?" என்றார். அந்த வீட்டில் அதைப் பற்றி முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

உத்தய்யாவின் கை மரத்துப்போயிருந்தது. சுபேதார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தூங்கும் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். கால்மணி நேரம் கழிந்தது. அரைமணி கழிந்தது. திடீரென்று சுபேதாரின் முகத்தில் ஒரு மாற்றம். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அவர் அசையவில்லை. நாற்காலிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, சேறு படிந்த காலைக் கழுவிக்கொண்டு ஓடியது.

"வந்துடுச்சு!" என்று நர்ஸ் ரோசலின் கத்தினாள். "ஆத்தத் தாண்ட வேணாம்! வந்துடுச்சு!"

உத்தய்யா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். செங்கப்பா பிட்டப்பாவைக் கட்டிப்பிடித்தார்.

"எந்த மெட்டு எஜமான்?" என்றார்கள் கொட்டுக்காரர்கள்.

"எதையாவது அடிங்கடா!" என்றாள் சீதவ்வா.

அடித்தார்கள். போஜி விழிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சீதவ்வா பன்றிக்கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் ஆக்கிப் போட்டாள். வெள்ளை உடுப்போடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுப் போனது அந்த ஊரில் அந்த ஒரு வீட்டில்தான்.

ஐந்து நாள் கழித்து வீக்கம் வடிந்தது. பாலமும் வெளியே வந்தது. காவேரி வந்து சேர்ந்த அன்று, நர்ஸ் ரோசலின் போஜியைப் பார்க்க வந்திருந்தாள். பிட்டப்பாவும், கேட்காமலே, வந்திருந்தார். உத்தய்யா போஜிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். சுபேதார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"சந்தையில உங்க பேச்சுதான், காவேரி" என்றார் பிட்டப்பா. "எல்லாரும் ஒரே வாக்கா சொல்றாங்க. சுபேதாருக்கு எழுபத்தி நாலு வருஷமா வளையாத முதுகு. உத்தா பண்ணின கூத்துல வளைஞ்சிடுச்சாம். நெய்க்காடண்ட வீட்டுல பொம்பளப் பிள்ளைக்குன்னு துப்பாக்கி வெடிச்சது இதுதான் முதல் தடவையாம்."

உத்தய்யா கூச்சத்தோடு சீப்பைக் கீழே வைத்தான். செய்தித்தாள் லேசாக அசைந்தது.

நர்ஸ் ரோசலின் பையை மூடினாள்.

"தப்பு. நாலு வருஷம் முந்தி, இவளக் குளிப்பாட்டிக்கிட்டே 'பொண்ணு'ன்னு சொன்னேன். அடுத்த நிமிஷம் தோட்டத்துல வெடி கேட்டுச்சு, திரும்பி வந்து 'யாராவது கேட்டா காட்டுப்பன்னின்னு சொல்லிடுங்க சிஸ்டர்'னு சுபேதார் சார்தான் என்கிட்ட சத்தியம் வாங்கினார்."